தூக்கிய திருவடி: ஆடவல்லான் வடிவம் எப்போது, எங்கே, எதனால்?

தமிழ்நாட்டுக் கோயில் திருமேனிகளில் உலகம் மிக நன்றாக அறிந்தது ஆடவல்லானுடையது. வலக்கால் முயலகன் என்ற குள்ள உருவின் மேல் ஊன்றியிருக்கிறது. இடக்கால் உடலுக்குக் குறுக்கே எழுந்து நிற்கிறது. ஒரு கையில் உடுக்கை, ஒரு கையில் தீ. மூன்றாம் கை அஞ்சேல் என்கிறது, நான்காவது தூக்கிய திருவடியைக் காட்டுகிறது. சுற்றிலும் திருவாசி. இன்று ஓரளவு பெரிய சிவாலயம் எதிலும் இந்த வடிவம் தெற்கு நோக்கி நிற்கும். ஆனால் இந்த அமைப்பு எப்போது முழுமை பெற்றது, எந்த ஊரில், யாருடைய முயற்சியால், என்ன பொருளில் என்று கேட்டால் நூறாண்டுகளுக்கும் மேலாக வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன.

விடைகள் முட்டிக்கொள்வதற்கு முக்கியக் காரணம், இங்கே பல கேள்விகள் ஒரே கேள்வியாகக் கேட்கப்படுவதுதான். சிவன் ஆடுகிறான் என்ற நம்பிக்கைக்கு ஒரு வயது. இடக்கால் தூக்கிய நிலைக்கு வேறொரு வயது. அதைச் செம்பில் வார்த்து வீதிக்கு எழுந்தருளச் செய்த வழக்கம், தில்லை எனப்படும் சிதம்பரத்தோடு ஏற்பட்ட பிணைப்பு, ஐந்தொழில் என்ற தத்துவ விளக்கம் ஆகியவற்றுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. ஒன்றுக்குக் கிடைத்த சான்றை இன்னொன்றுக்குப் பொருத்தும்போதெல்லாம் வாதம் வழுக்கியிருக்கிறது.

ஆட்டம் பழையது

கலித்தொகையின் கடவுள் வாழ்த்து கொடுகொட்டி, பாண்டரங்கம், காபாலம் என்று இறைவனின் மூன்று ஆடல்களைச் சொல்கிறது. உமை தாளம் காக்கிறாள். சிலப்பதிகாரத்தில் பறையூர்க் கூத்தச் சாக்கையன் சேரன் செங்குட்டுவன் முன்னிலையில் கொட்டிச்சேதம் ஆடுகிறான். இவற்றை வைத்து ஆடவல்லான் வடிவமே அவ்வளவு பழையது என்று வாதிடுவோர் உண்டு. அது அவசர முடிவு. இந்த நூல்கள் காட்டுபவை திரிபுரம் எரித்த வெற்றியோடும், கையில் ஏந்திய மண்டையோட்டோடும் சேர்ந்த ஆடல்கள். எந்தக் கால் எழுந்தது, கை எங்கே நின்றது என்பதற்கு அவற்றில் விடை இல்லை.

காரைக்கால் அம்மையாரின் பாடல்களில் ஆடும் இடம் தெளிவாகிறது. ஆலங்காட்டுச் சுடுகாடு, பேய்கள், நரிகள், எரியும் பிணங்கள். பிற்காலம் ஆனந்தக் கூத்து என்று அழைத்த அமைதிக்கும் இதற்கும் வெகுதூரம். ஆனாலும் சோழச் சிற்பிகள் அம்மையாரைக் கைவிடவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தின் கோட்டத்தில் ஆடும் சிவனின் காலடியில், எலும்பும் தோலுமாய் அமர்ந்து தாளம் போடுபவர் அவரே. கம்போடியாவில் 967இல் நிறுவப்பட்ட பந்தெய்ஸ்ரீ கோயிலிலும் பத்துக் கைகளோடு ஆடும் சிவனருகே வற்றிய மார்போடு ஒரு பெண் இருக்கிறாள். அவளையும் அம்மையார் என்றே ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். அது சரியென்றால் கடல் கடந்தது அம்மையாரின் கதை மட்டுமே. இடக்கால் தூக்கிய நான்கு கை வடிவம் அதோடு போகவில்லை. கதையையும் வடிவத்தையும் பிரித்தே பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

கல்லில் தேடியவர்கள்

வாதாபியின் முதல் குடைவரை முகப்பில் பதினெட்டுக் கைகளோடு சிவன் ஆடுகிறான். பொதுவாக அதை 6ஆம் நூற்றாண்டு என்பார்கள். எல்லோராவிலும் எலிபெண்டாவிலும் பல கைகளோடு ஆடுகிறான். வங்கத்தில் காளையின் முதுகின்மேல் ஆடுகிறான். அத்தகைய பாலர் காலச் செப்புத் திருமேனி ஒன்று தில்லைக்கு அருகிலுள்ள மேலக்கடம்பூரிலேயே வழிபாட்டில் இருக்கிறது; ராஜேந்திரனின் கங்கைப் படையெடுப்போடு அதை இணைத்துச் சொல்வது வழக்கம். இவற்றில் எதிலும் இடக்கால் உடலுக்குக் குறுக்கே எழுவதில்லை. ஆகவே ஆடும் சிவன் இந்தியா முழுவதற்கும் பொது, இந்த நிலை தமிழகத்துக்கு உரியது என்ற அளவில் ஆய்வாளரிடையே பெரிய வேறுபாடு இல்லை.

தமிழகத்துக்குள் எங்கே என்பதில்தான் வழக்கு. பழைய சான்றாக அடிக்கடி காட்டப்படுவது வந்தவாசிப் பக்கத்துச் சீயமங்கலம். மகேந்திரவர்மன் குடைவித்த அவனிபாஜன பல்லவேச்சுரத்தின் தூணில் சிறிய புடைப்புச் சிற்பம் ஒன்று உண்டு. நான்கு கைகள், எழுந்த கால், பக்கத்தில் பாம்பு. முயலகனைக் காணோம். பாம்பைக் கண்டு துணுக்குற்றவர் காலை இழுத்துக்கொள்வதுபோல் அமைந்த புஜங்கத்ராசிதம் என்ற கரணத்தை நாட்டிய சாத்திரம் சொல்கிறது; சீயமங்கலத்துச் சிற்பி அதைத்தான் கல்லில் வடித்தார் என்று தோன்றுகிறது. திருச்சி அருகே திருப்பாச்சிலாச்சிராமத்தில் இன்றும் நடராசர் முயலகன் இல்லாமல் பாம்பின்மேல் ஆடுவதை இங்கே நினைக்கலாம். கொல்லி மழவன் மகளின் முயலகன் நோயைச் சம்பந்தர் தீர்த்த கதையால் அதற்கு விளக்கம் தருகிறார்கள். பாம்பு முந்தியது, முயலகன் பின்னால் சேர்ந்தவன் என்று ஊகிக்க இடமுண்டு. ஒரு குடைவரையையும் ஒரு தலமரபையும் மட்டும் வைத்து அதை முடிவாகச் சொல்ல இயலாது.

பல்லவர் தோற்றம் என்ற கொள்கைக்குள்ளேயே ஒரு சிக்கலும் உண்டு. சீயமங்கலத்துக்கு ஏறத்தாழ நூறாண்டு கழித்து ராஜசிம்மன் கட்டிய காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் சிவன் எத்தனையோ விதமாக ஆடுகிறான். தலைக்கு மேல் கால் உயர்த்துகிறான், முழங்காலை மடிக்கிறான். இந்த ஒரு நிலைக்கு அங்கே தனி மதிப்பு இல்லை. பழைய செப்புத் திருமேனிகளிலும் அப்படியே. கூரத்து நடராசர் முழங்காலைத்தான் உயர்த்துகிறார். நல்லூரிலும், இன்று தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள திருவரங்குளத்துத் திருமேனியிலும் இரு முழங்கால்களையும் மடித்த சதுர நிலையே காண்கிறோம். எனவே பல்லவ நாட்டில் பிறந்தது என்று ஒப்புக்கொண்டாலும், பல நிலைகளில் ஒன்றாக இருந்தது மற்றவற்றை ஒதுக்கிவிட்டுத் தனித்து எழுந்தது ஏன் என்ற கேள்வி மிச்சமிருக்கும். எனக்கு இதுவே பிறப்பைவிடப் பெரிய கேள்வியாகப் படுகிறது.

வார்ப்புக் கலையின் பங்கை இங்கே குறைத்து மதிப்பிடக் கூடாது. தூக்கிய காலை முழு உருவமாகக் கல்லில் நிறுத்துவது அரிது. சிற்பி சுவரோடு ஒட்டியே செதுக்க வேண்டும். மெழுகில் உரு செய்து, மண் பூசி, சுட்டு, உருகிய உலோகத்தை ஊற்றும் முறையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பறக்கும் சடைகளும் உத்தரீயத்தின் நுனியும் திருவாசியில் சென்று பொருந்துகின்றன. வளையம் அவற்றைத் தாங்குகிறது. ஒற்றைக் காலில் நிற்கும் உருவத்தை வீதியில் தோளில் சுமந்து செல்லலாம் என்ற நம்பிக்கையைத் தந்தது இந்த அமைப்பு.

அப்பர் கண்டது எதை?

இலக்கியத்தை முதன்மையாகக் கொள்பவர்கள் 7ஆம் நூற்றாண்டு அப்பரிடம் நிற்பார்கள். தில்லைப் பதிகம் ஒன்றில் அவர் வளைந்த புருவத்தையும் இதழில் அரும்பும் புன்னகையையும் தூக்கிய திருவடியையும் அடுத்தடுத்துக் காட்டுகிறார். 1985இல் ஆனந்த தாண்டவம் பற்றித் தனி நூல் எழுதிய கமில் சுவெலபில் போன்றோர் இத்தகைய சான்றுகளைத் தொகுத்துத் தந்தனர். கண்ணால் கண்ட ஒரு திருமேனியின்றி இப்படிப் பாட முடியாது என்பது இத்தரப்பின் வாதம்.

எதிர்த்தரப்பும் எளிதில் தள்ளக்கூடியதல்ல. பாட்டு உளக்காட்சியாகவும் இருக்கலாம், ஓவியத்தையோ சுதையையோ மரத்தையோ பார்த்ததாகவும் இருக்கலாம். தில்லைச் சிற்றம்பலம் இன்றும் மரச்சுவர் கொண்ட அவை என்பதையும் மறக்கக் கூடாது. தேவாரத்தில் வரும் தூக்கிய அடி எந்தக் கால், எந்த அளவுக்கு எழுந்தது என்பதும் தெரியவில்லை. என் மதிப்பீட்டில் இந்தப் பதிகம் ஒன்றை மட்டும் உறுதியாக நிறுவுகிறது. 7ஆம் நூற்றாண்டிலேயே தில்லையின் இறைவன் புன்னகையோடு கால் தூக்கி ஆடுபவனாக அடியார் மனத்தில் இருந்தான். சுடுகாட்டின் கோரத்திலிருந்து ஆட்டம் விலகத் தொடங்கியிருந்தது. செப்புத் திருமேனிக்கு அதைச் சான்றாக்குவது அந்தப் பாட்டு தாங்காத சுமை.

செம்பியன் மாதேவியும் சோழ அரசும்

இன்று வரலாற்றாசிரியரிடையே செல்வாக்குள்ள விடை 10ஆம் நூற்றாண்டைச் சுட்டுகிறது. 1976இல் டக்ளஸ் பாரெட் இதை வலுவாக முன்வைத்தார். கண்டராதித்தரின் தேவியும் உத்தம சோழனின் தாயுமான செம்பியன் மாதேவி, கைம்பெண்ணாக நெடுங்காலம் வாழ்ந்து, பழைய செங்கல் தளிகளைக் கற்றளிகளாக்கியவர். கோனேரிராசபுரம், திருக்கோடிகாவல், ஆடுதுறை, விருத்தாசலம் என்று அந்தப் பட்டியல் நீளும். திருக்கோடிகாவலில் பழைய கோயிலைப் பிரித்தபோது அதிலிருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டச் செய்தவர். இவ்வளவு பொறுப்போடு பழமையைக் காத்தவரின் கோயில்களில்தான் ஒரு புதுமையும் நுழைகிறது. அதற்கு முன் மகர தோரணங்களுக்குள் சிறு உருவமாக இருந்த ஆடும் சிவன், அர்த்த மண்டபத் தென்சுவரில் தனிக் கோட்டம் பெற்று பார்ப்பவர் கண்ணில் படும் அளவுக்கு வளர்கிறான். நிலையும் உறுதியாகிவிடுகிறது: இடக்கால் குறுக்கே, காலடியில் முயலகன்.

1999இல் பத்மா கைமல் இதை அரசியல் நோக்கில் விரித்தார். சோழ அரசு வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், பல ஊர்களைச் சோழ மரபோடு பிணைக்கும் அடையாளமாக இந்த வடிவம் பயன்பட்டது என்பது அவர் கருத்து. இதற்குத் துணை நிற்கும் சான்றுகள் தஞ்சையில் கிடைக்கின்றன. ராஜராஜேச்சுரத்தில் பொன்னை நிறுத்த எடைக்கல்லின் பெயர் ஆடவல்லான். நெல் அளந்த மரக்காலின் பெயரும் அதுவே. கருவூலத்திலும் களஞ்சியத்திலும் அன்றாடம் புழங்கிய பெயர் அது.

அந்தக் கோயிலின் கல்வெட்டு ஒன்றை நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். ராஜராஜனின் தேவியருள் ஒருவரான சோழமாதேவி எழுந்தருளுவித்த ஆடவல்லார் திருமேனியை அது வருணிக்கிறது. கோயிலில் இருந்த முழக்கோலால் அளந்த உயரம், நான்கு திருக்கைகள், ஒன்பது சடைகள், ஏழு பூமாலைகள், சடைமேல் கங்கா பட்டாரகி, காலடியில் கிடக்கும் முயலகன் என்று உறுப்பு உறுப்பாகக் கணக்கெடுக்கிறது. திருமேனி தொலைந்தாலும் எழுத்தால் மீட்டெடுக்கலாம் என்ற அளவுக்கு நுட்பம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவம் முழுமையாக நிலைபெற்றுவிட்டது என்பதற்கு இதைவிட ஐயமற்ற சான்று வேண்டியதில்லை. ஆனால் இவ்வளவும் சொல்லும் அந்தக் கல்வெட்டு, இந்த வடிவத்தின் பொருள் என்ன என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அரசியல் விளக்கத்தின் பலவீனமும் அங்கேதான் தொடங்குகிறது. செம்பியன் மாதேவியின் கல்வெட்டுகள் நிலத்தையும் விளக்கையும் அமுதுபடியையும் பேசுகின்றன, நோக்கத்தைப் பேசவில்லை. சோழரின் முத்திரையிலும் காசிலும் நிற்பது புலிதான், ஆடவல்லான் இல்லை. அரச சின்னமாக நினைத்திருந்தால் அதைப் பொறிக்கத் தகுந்த இடம் அதுவன்றோ? மேலும் அந்த அரசியார் அகத்தியர், கணபதி, பிட்சாடனர், அர்த்தநாரி எனப் பல உருவங்களுக்கும் கோட்டம் அமைத்தார். ஆடவல்லானை மட்டும் பிரித்தெடுத்து நோக்கம் கற்பிப்பது எவ்வளவு சரி என்று கேட்கலாம். எளிமையான காரணம் ஒன்றும் உண்டு. அவர் கணவர் கண்டராதித்தர் தில்லைமீது திருவிசைப்பா பாடியவர்; அது ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. கணவர் பாடிய இறைவனைக் கட்டிய கோயில்தோறும் ஓர் அரசி நிறுத்தினார் என்பதை நம்ப அரசியல் கோட்பாடு தேவையில்லை. பக்தியையும் அரசையும் அந்தக் காலத்தவர் நம்மைப்போல் பிரித்துப் பார்த்தார்களா என்பதும் ஐயமே.

உலோகத்தின் சாட்சி

சாரதா சீனிவாசன் 2004இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு வழியில் சென்றது. செப்புத் திருமேனிகளில் உள்ள ஈயத்தின் ஐசோடோப்பு விகிதத்தையும் நுண்தனிமங்களையும் அளந்து, காலம் தெரிந்த திருமேனிகளோடு ஒப்பிட்டார். சோழர் காலத்தவை என எண்ணப்பட்ட நடராசர்களில் சில பல்லவர் காலத் தொகுதியோடு பொருந்துவதாகக் கண்டு, செப்பு நடராசரின் தொடக்கத்தை 9ஆம் நூற்றாண்டை ஒட்டித் தள்ளினார்.

கண்ணின் பழக்கத்தை மட்டும் நம்பிக் காலம் சொல்லும் வழக்கத்துக்கு இது தேவையான மாற்று. இதற்கும் எல்லை உண்டு. ஐசோடோப்பு நேராகக் காட்டுவது உலோகம் எந்தச் சுரங்கத்தைச் சேர்ந்தது என்பதையே. காலம் ஒப்பீட்டால் வருவது. பழைய பாத்திரங்களையும் பின்னமான திருமேனிகளையும் உருக்கி மறுபடி வார்க்கும் வழக்கம் இருந்ததால் பழைய உலோகம் புதிய உருவில் கலந்திருக்கலாம். முடிவு தாங்கி நிற்கும் திருமேனிகளின் எண்ணிக்கையும் சிறிது.

தில்லையின் இடம்

வடிவம் தில்லையில் பிறந்து ஊர்தோறும் பரவியதா, ஊர்களில் வளர்ந்து தில்லைக்கு வந்ததா? மரபு முன்னதைச் சொல்லும். தில்லையில் திருமூலட்டானத்து லிங்கம் ஒருபுறம், சிற்றம்பலத்துக் கூத்தர் ஒருபுறம் என இரு வழிபாடுகள் இருப்பதால், லிங்கமே பழையது, ஆட்டம் பின்னர் மேலோங்கியது என்ற கருத்து பலரிடம் உண்டு. 10ஆம் நூற்றாண்டில் முதற்பராந்தகன் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்ததைச் செப்பேடுகள் சொல்வதால், அதற்குள் அந்த அவை அரச வழிபாட்டின் நடுவிடம் பெற்றுவிட்டது தெளிவு.

ஹெர்மன் குல்கே 1970இல் சிதம்பர மாகாத்மியத்தை ஆராய்ந்தார். கௌட நாட்டிலிருந்து வந்து சிவகங்கைத் தீர்த்தத்தில் நோய் நீங்கி அரசனான இரணியவர்மனை, வேங்கியிலிருந்து வந்து 1070இல் சோழ அரியணை ஏறிய முதற் குலோத்துங்கனின் நிழலாகக் கண்டார். பதஞ்சலி, வியாக்கிரபாதர் என்ற முனிவர்கள் கண்ட ஆனந்தக் கூத்து என்ற கதைக் கட்டமைப்பு அக்காலச் சூழலில் உருப்பெற்றது என்பது அவர் முடிவு. குலோத்துங்கன் காலத்திலும் விக்கிரமன் காலத்திலும் படைத்தலைவன் நரலோகவீரன் தில்லையில் செய்த பெருந்திருப்பணிகள் இதற்கு ஒத்துப்போகின்றன. ஆனால் நூலின் காலத்தை அரசனைக் கொண்டும் அரசனின் அடையாளத்தை நூலைக் கொண்டும் நிறுவும் சுழற்சி இதில் ஓரளவு இருக்கவே செய்கிறது.

காளியிடமிருந்து ஆட்டம் சிவனுக்கு மாறியது என்ற கருத்தும் உண்டு. ஊர் எல்லைக்கு ஒதுங்கிய தில்லைக்காளியும், ஆட்டப் போட்டியில் அவள் தோற்ற கதையும் பழைய தாய்த்தெய்வ வழிபாட்டின் எச்சம் என்பார்கள். கவர்ச்சியான ஊகம். கதை மட்டுமே சான்று என்பதால் அதற்கு மேல் போக வழியில்லை.

ஐந்தொழில் விளக்கத்தின் வயது

உடுக்கை படைப்பு, அஞ்சேல் என்ற கை காப்பு, தீ அழிப்பு, ஊன்றிய கால் மறைப்பு, தூக்கிய கால் அருள். பள்ளிப் பாடநூல் முதல் அருங்காட்சியகப் பலகை வரை இன்று இதுவே விளக்கம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் மாணவர் திருவதிகை மனவாசகங்கடந்தார் உண்மை விளக்கத்தில் இதைத் தெளிவாக வகுத்தார். ஈழத்தமிழ் மரபில் வந்த ஆனந்த குமாரசாமி 1912இல் சித்தாந்த தீபிகையில் எழுதிய கட்டுரை, பிறகு 1918இல் வந்த நூலின் வழியாக, இதை உலகறியச் செய்தது. சென்னை அருங்காட்சியகத்துத் திருவாலங்காட்டு நடராசரைப் பற்றிப் பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் எழுதியது 1921இல் வெளிவந்தது. 1975இல் இயற்பியலாளர் ஃப்ரிட்ஜாஃப் காப்ரா அணுத்துகள்களின் ஆட்டத்தோடு ஒப்பிட்டார். 2004இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் நடராசர் சிலை நிறுவப்பட்டது.

கைமல் முதலியோர் எழுப்பும் தடை நியாயமானது: 13ஆம் நூற்றாண்டு நூலைக் கொண்டு 10ஆம் நூற்றாண்டுச் சிற்பியின் கருத்தைச் சொல்ல முடியாது. திருமந்திரத்தின் ஒன்பதாம் தந்திரம் கூத்தை விரிவாகப் பேசுகிறதே என்று மறுமொழி வரும். அந்நூலின் காலமே தீராத வழக்கு. இருந்தாலும் மறுப்பவர்கள் சில நேரம் எல்லை மீறுகிறார்கள். பொருள் எழுத்தில் பதிவான காலமும் அது பேசப்படத் தொடங்கிய காலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மனவாசகங்கடந்தார் அதை வகுத்துச் சொன்ன முறையைப் பார்த்தால், அடியாரிடையே முன்பே புழங்கியதைத் தொகுத்தாரோ என்று தோன்றுகிறது. எத்தனை தலைமுறை முன்பு என்று மட்டும் அளக்க வழியில்லை.

தீராதவை

நிலையின் விதை பல்லவர் காலத்தில் விழுந்தது என்பதும், 10ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் காவிரிக் கரைக் கோயில்களில் அது தனித்தெழுந்தது என்பதும் இன்றைய சான்றுகளுக்கு ஒத்தவை. இவை இரண்டும் ஒன்றையொன்று மறுக்கும் விடைகளாகப் பேசப்படுவது தேவையற்றது. இடைப்பட்ட இருநூறு முந்நூறு ஆண்டுகள்தான் இருள். தில்லையிலேயே விடை இருக்கலாம். அங்கே மூலவரும் உற்சவரும் ஒருவரே. ஆனியிலும் மார்கழியிலும் அவரே தேரேறுகிறார். உயிர்ப்புள்ள வழிபாட்டில் இருக்கும் அத்திருமேனியை ஆய்வுக்கூடப் பொருளாக்கக் கேட்பது முறையல்ல; கேட்காமல் விடுவதால் வரும் இடைவெளியை ஆய்வு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஏற்றுக்கொள்ளக் கூடாத இழப்பு வேறொன்று. பத்தூர் நடராசர் 1976இல் மண்ணிலிருந்து கிடைத்து, கடத்தப்பட்டு, லண்டன் நீதிமன்ற வழக்குக்குப் பின் 1991இல் திரும்பினார். ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்திலிருந்து 2014இல் திரும்பினார். திரும்பாதவை எத்தனையோ. ஊரும் கல்வெட்டும் உடன் கிடந்த பிற திருமேனிகளும் தெரியாமல் சந்தைக்குப் போன ஒவ்வொரு திருமேனியும், காலக்கணிப்பில் ஒரு புள்ளி அழிந்ததற்குச் சமம். எஞ்சியவற்றில் பெருந்தொகை திருவாரூர் போன்ற இடங்களின் சிலைப் பாதுகாப்பு மையங்களில் பூட்டிக் கிடக்கிறது. பீடங்களில் உள்ள எழுத்துகளைப் படித்து, உலோகச் சேர்மானத்தை அளந்து, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவை என்ற விவரத்தோடு முழு அட்டவணை வெளியிட்டால், செம்பியன் மாதேவிக்கு முந்திய செப்பு நடராசர்கள் உண்டா என்ற கேள்விக்கு இந்தத் தலைமுறையிலேயே விடை காணலாம். அந்த அரசி ஏன் இதைத் தேர்ந்தார் என்பதற்கு அந்த அட்டவணையும் விடை தராது. அதற்கு இதுவரை எவரும் படிக்காத ஒரு கல்வெட்டு எங்கேனும் கிடைக்க வேண்டும்.